லோகு தட்றான்

மேல்கரைப்பேட்டை, ஆம்பூர்
14 நவம்பர் 2001

சதீஷ்குமாருக்கு,

மூன்று வருஷம் கழித்து எழுதுகிறேன். சமாதானமாகிவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. எனக்கு ஒரு வேலை ஆக வேண்டியிருக்கிறது. அதை உன்னால் மட்டும்தான் செய்ய முடியும்.

போன ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் உன் போட்டோ பார்த்தேன். குஜராத்தில் பூகம்பம் வந்த இடத்தில் ஒரு சிவப்புப் பெட்டியைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு நிற்கிறாய். தோண்டாமலே மண்ணுக்குள் இருப்பதைக் காட்டுகிற ரேடார் என்று போட்டிருந்தது. ஷூ கம்பெனியில் என்னோடு ஷூவின் மேல்பாகம் தைக்கிற பெண்களிடம் காட்டி, என் தம்பி என்று சொன்னேன். சொன்ன பிறகுதான் நமக்குள் பேச்சில்லை என்பது ஞாபகம் வந்தது.

செப்டம்பரில் மெட்ராஸ் பக்கமெல்லாம் நிலம் ஆடியதே, அதிலிருந்து எங்கள் தெருவில் ஒரு சத்தம் கேட்கிறது. பூமிக்குள்ளிருந்து யாரோ பெரிய மரக்கதவை முஷ்டியால் குத்துகிற மாதிரி. பாத்திரம் லேசாகக் கிணுகிணுக்கும், நின்றுவிடும். மூடிக்கிடக்கிற தோல் பதனிடுகிற ஷாப் பக்கமிருந்துதான் வருகிறது. அங்கே வாட்ச்மேனாக இருக்கிற சர்தார் பாஷா அண்ணன் முதல் நாளே சொல்லிவிட்டார்: "இன்னாம்மா மனோ, லோகு தட்றான் போல கீதே." இப்போது தெருவே அப்படித்தான் சொல்கிறது.

என் புருஷன், உன் மாமா, அந்த ஷாப்பை விட்டு வெளியே வரவேயில்லை என்று ஐந்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கோர்ட்டு ஆர்டரில் ஷாப்பை மூடிய அன்று, கழிவுத் தொட்டியில் இருக்கிற பம்பு மோட்டாரைக் கழற்றி எடுத்து வருகிறேன் என்று ஸ்பேனரோடு போனார். சாயங்காலத்துக்குள் பொக்லைனை வைத்துத் தொட்டியை மூடிவிட்டார்கள். அவர் வரவில்லை. கணக்கு முடித்து அனுப்பிவிட்டேன் என்றார் முதலாளி. குடும்பத்தை விட்டு ஓடிவிட்டார் என்று எழுதியது போலீஸ். அதையெல்லாம் பொறுத்தேன். நீயும் என் எதிரே வந்து நின்று, ஜோலார்பேட்டையில் டிக்கெட் பரிசோதகராக இருக்கிற உன் சினேகிதன் ரெனால்ட் அவரைப் பம்பாய் ரயிலில் பார்த்தான் என்று சொன்னாயே. மாமா மாமா என்று கூப்பிட்ட வாயால் சொன்னாயே.

உன் மெஷினை எடுத்துக்கொண்டு வா. அந்தத் தொட்டிமேல் இழு. அவர் அங்கேதான் இருக்கிறார் என்று எல்லோருக்கும் காட்டு.

மனோரமா


ஹைதராபாத்
2 டிசம்பர் 2001

அன்புள்ள அக்காவுக்கு,

உறையில் உன் கையெழுத்தைப் பார்த்ததும் பிரிக்கத் தைரியம் வராமல் அன்று முழுக்க மேஜைமேலேயே வைத்திருந்தேன். தேவிகா எப்படி இருக்கிறாள்? அவளைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கலாம்.

முதலில் அந்தச் சத்தம். பாறையில் பழைய முறிவு ஏதாவது இருந்தால், அதை ஒட்டி நிலம் எப்போதாவது துளி நகரும். ஆழம் கம்மியாக இருந்தால் ஆட்டம் தெரியாது, சத்தம் மட்டும் கேட்கும். நீ எழுதியிருப்பது அதுதான் என்று நினைக்கிறேன். சின்னச் சத்தம்தானே என்று இருக்காதே. அப்படிப்பட்ட முறிவுகளைத் தேடிப் படத்தில் குறிப்பதுதான் என் வேலை. கட்ச்சில் நான் பார்த்ததை உனக்கு எழுத மாட்டேன்.

அடுத்தது ரேடார். அது ஆளைத் தேடும் மெஷின் இல்லை, அக்கா. ரேடியோ அலையை மண்ணுக்குள் அனுப்பும். மண்ணடுக்கு மாறுகிற இடங்களில் கொஞ்சம் அலை திரும்பி வரும். அது திரையில் கோடு கோடாக விழும், அப்பா தறியில் ஓடிய லுங்கிக் கோடுகள் மாதிரி. ஓரிடத்தில் ஒரு பக்கத்துக் கோடு மறு பக்கத்தோடு சேராமல் ஏறியோ இறங்கியோ பிசகி நின்றால், அங்கே நிலம் உடைந்து நகர்ந்திருக்கிறது என்று அர்த்தம். அவ்வளவுதான் அதற்குத் தெரியும்.

டைரக்டரிடம் உன் கடிதத்தில் இருந்த சத்தத்தை மட்டும் சொன்னேன். ஆர்வமாகக் கேட்டார். பாலாறு காய்ந்து கிடக்கும் பிப்ரவரியில் எங்கள் குழு வரும். அதுவரை நீயும் தேவிகாவும் குடியாத்தம் வீட்டில் போய் இருங்கள். அப்பா போன பிறகு அது பூட்டித்தானே கிடக்கிறது.

ரெனால்ட் விஷயத்தில், நான் கேட்டதைச் சொன்னேன். இந்த வரியை எழுதி, அடித்து, மறுபடியும் எழுதியிருக்கிறேன். கோபித்துக்கொள்ளாதே.

உன் தம்பி
சதீஷ்


மேல்கரைப்பேட்டை
20 டிசம்பர் 2001

சதீஷ்குமாருக்கு,

நான் கேட்டது ஒன்று. நீ எழுதியது வேறொன்று.

தேவிகாவைக் கேட்டிருந்தாய். ஆறாவது படிக்கிறாள். அவர் போனபோது குழந்தை. அப்பா முகமே மறந்துகொண்டு வந்தது அவளுக்கு. இப்போது சத்தம் வந்தால் எங்கே இருந்தாலும் குந்திக்கொண்டு, உள்ளங்கையைத் தரையில் வைத்து, "இன்னாப்பா, இஸ்கூலுக்குப் போய்ட்டு வந்துர்றேன்" என்கிறாள். பரீட்சையில் என்ன மார்க் என்று சொல்கிறாள். கணக்கில் கம்மியானால் சொல்வதில்லை. அவளிடம் போய், அது உன் அப்பா இல்லை, பாறை என்று நான் சொல்ல வேண்டுமா?

குடியாத்தத்துக்குப் போ என்கிறாய். கதவைத் தட்டிக்கொண்டிருக்கிற மனுஷரை விட்டுவிட்டு எப்படிப் போவது? எங்களுக்குப் பயம் இல்லை. இத்தனை வருஷத்தில் இப்போதுதான் வீட்டில் மூன்று பேர் இருக்கிற மாதிரி இருக்கிறது.

பிப்ரவரியில் வா. உன் ஆட்களுக்கும் சேர்த்துச் சாப்பாடு போடுகிறேன். பேச்சு மட்டும் எதிர்பார்க்காதே.

மனோரமா


ஹைதராபாத்
11 மார்ச் 2002

அன்புள்ள அக்காவுக்கு,

சொன்னபடியே இருந்துவிட்டாய். பத்து நாளும் என் தட்டில் குழம்பை ஊற்றினாய், என் முகத்தைப் பார்க்கவில்லை. "உங்க சாருக்கு இன்னும் வேணுமான்னு கேளு" என்று என் உதவியாளன் கிறிஸ்துராஜிடம் கேட்டாய். அவனுக்கு இன்னும் புரியவில்லை, நாம் இருவரும் அக்கா தம்பியா இல்லையா என்று.

நேரில் சொல்ல விடாததால் இதில் எழுதுகிறேன்.

ஆற்றுமணலில் ரேடார் அருமையாக வேலை செய்தது. ஊரைத் தாண்டி மேற்கே, மணலடுக்குகள் ஓரிடத்தில் தெளிவாகப் பிசகி நிற்கின்றன. முறிவு அங்கே இருக்கிறது. இணையாகப் பல தடவை இழுத்துப் பார்த்தோம். அது நேராக ஊரை நோக்கி வருகிறது, கரையேறுகிறது, ஷாப்பின் மதிலுக்குள் நுழைகிறது. அதற்குப் பிறகு எங்களால் பின்தொடர முடியவில்லை.

மதிலுக்குள் திரையில் ஒன்றுமே விழவில்லை என்பதை நீயே பார்த்தாய். எத்தனை வருஷம் அங்கே தோலுக்கு உப்புப் போட்டுக் கழுவி ஊற்றினார்களோ, அத்தனையும் மண்ணில் இறங்கியிருக்கிறது. உப்பேறிய மண் அலையை விழுங்கிவிடும். ஒரு சாண் ஆழத்துக்குக் கீழே வெறும் கறுப்பு. நீ கிறிஸ்துராஜின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, "அது இன்னா இருட்டு?" என்று கேட்டாய். பதில் இதுதான்: அங்கே எதுவும் இல்லை என்று அர்த்தம் இல்லை. இருக்கிறது என்றும் அர்த்தம் இல்லை. எங்களுக்குத் தெரியாது.

இன்னொன்று. நாங்கள் உள்ளே இருக்கும்போது அந்தச் சத்தம் வந்ததே. இப்படிப்பட்ட சத்தத்தைப் பற்றி நூறு தடவை படித்திருக்கிறேன், இருந்தும் மதிலைப் பிடித்துக்கொண்டேன். கிறிஸ்துராஜ் கேபிளைக் கீழே போட்டுவிட்டு ஜெபம் சொல்ல ஆரம்பித்தான். தேவிகா மட்டும் மதில் ஓரமாகக் குந்தி, தரையைத் தட்டிக் கொடுத்து, "மாமா வந்துகீறாருப்பா. உன்னப் பாக்கத்தான்" என்று சிரித்தாள். அக்கா, எனக்குச் சத்தத்தைவிட அந்தச் சிரிப்புதான் பயமாக இருந்தது. நிலம் பெரிதாக அசைகிற அன்று அவள் ஓடமாட்டாள். அப்பா கூப்பிடுகிறார் என்று உட்கார்ந்திருப்பாள்.

அடுத்த கட்டமாக முறிவுக்குக் குறுக்கே ஆழமாகப் பள்ளம் வெட்டி, மண்ணடுக்குகளைக் கண்ணால் பார்க்க வேண்டும். ஆற்றங்கரையில் வெட்டுவதாக இருக்கிறோம். அங்கேதான் படம் தெளிவு.

சதீஷ்


மேல்கரைப்பேட்டை
2 ஏப்ரல் 2002

தம்பி சதீஷுக்கு,

தெளிவாகத் தெரிகிற இடத்தில் எதற்குத் தோண்டுகிறாய்? தெரியாத இடத்தில் தோண்டு. உன் மெஷின் இருட்டு என்று சொல்கிற இடத்தில் தோண்டு.

இதை யாரிடமும் சொன்னதில்லை. அம்பலூரில் சித்தி மகள் கல்யாணத்துக்குப் போயிருந்தேன். வாசலில் சந்தனக் கிண்ணம் நீட்டிக்கொண்டிருந்தவள் என்னைப் பார்த்ததும் கையைப் பாதி நீட்டி நிறுத்திவிட்டாள். கழுத்தில் தாலி இருக்கிறது, புருஷன் இல்லை. கொடுப்பதா வேண்டாமா என்று அவளுக்குத் தெரியவில்லை. பின்னாலிருந்த தன் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். அந்த அம்மாவுக்கும் தெரியவில்லை. நானே உள்ளே போய்விட்டேன். இப்போது எந்த விசேஷத்துக்கும் போவதில்லை.

அவர் செத்துப்போனார் என்று நான் சொன்னால், பொணம் எங்கே என்கிறார்கள். உயிரோடு இருக்கிறார் என்று ஊர் சொல்கிறது. அப்படியானால் ஆள் எங்கே? ஒரு எலும்பு போதும் எனக்கு. ஒரு சட்டைப் பட்டன் கிடைத்தால்கூடப் போதும். தலைமாட்டில் விளக்கேற்றி வைத்து, தெருவே கேட்கிற மாதிரி ஒரு நாள் அழுதுவிடுவேன். இத்தனை வருஷமாக அழாமல் வைத்திருக்கிறேன், தெரியுமா உனக்கு? ஓடிப்போனவனுக்காக அழுகிறாள் என்று சொல்லிவிடுவார்களே என்று வைத்திருக்கிறேன்.

நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது கேட்டதையெல்லாம் கொடுத்தவள் நான். நான் கேட்பது இது ஒன்றுதான்.

மனோ அக்கா


ஹைதராபாத்
6 மே 2002

அன்புள்ள அக்காவுக்கு,

அனுமதி வாங்கிவிட்டேன். முறிவு மதிலுக்குள் போகிறது, அங்கே ரேடார் வேலை செய்யவில்லை, ஆகவே வெட்டித்தான் பார்க்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். அது பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை. ஜூன் முதல் வாரம் வருகிறோம்.

ஒன்று கேட்கிறேன், பதில் எழுத வேண்டாம். உனக்குள் வைத்துக்கொள். அவர் அங்கே இல்லையென்றால் என்ன செய்வாய்?

சதீஷ்


ஹைதராபாத்
23 ஜூன் 2002

அன்புள்ள அக்காவுக்கு,

சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிவிட்டேன். பள்ளத்தின் விளிம்பில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாய், சர்தார் பாஷா உன் தலைக்கு மேல் குடை பிடித்துக்கொண்டு நின்றார். உன்னிடம் வந்து நான் என்ன சொல்வது?

எங்கள் வேலைக்குத் தொட்டியின் ஒரு பக்கச் சுவரை ஒட்டி ஆழமாக வெட்டினால் போதும். முதல் நாள் மத்தியானமே அது முடிந்துவிட்டது. அதற்கு மேல் வெட்டியது என் பொறுப்பு. நாலு மூலையும் அடித்தரை தெரியும்வரை காலி செய்யச் சொன்னேன். பொக்லைன் டிரைவர், "சார், ஒடம்பு கூசுது, போதும் சார்" என்றான். நான் விடவில்லை. ஆபீசில் இதற்கு விளக்கம் கேட்டிருக்கிறார்கள். கேட்கட்டும்.

ஒவ்வொரு தடவை வாளி மேலே வரும்போதும் நான் வேண்டிக்கொண்டேன், அக்கா. ஒரு எலும்பு வரட்டும் என்று. அவர் ஓடிப்போனார் என்று உன்னிடம் சாதித்தவன் நான். அவர் செத்து அங்கே கிடக்க வேண்டும் என்று மனதார வேண்டியவனும் நான். உனக்கு அவரை எடுத்துக் கொடுத்துவிட வேண்டும் என்று இருந்தது. நான் சொன்னது பொய்யாகிவிட வேண்டும் என்று இருந்தது. சுண்ணாம்பு வந்தது. மாட்டு ரோமம் வந்தது. மக்காத தோல் துண்டுகள், செங்கல், உப்புச் சாக்கு. ஒவ்வொன்றையும் கையால் பிரித்துப் பார்த்தேன்.

கடைசியில் அந்த மோட்டார் வந்தது. நீயும் எழுந்து வந்து பார்த்தாய். இரும்புச் சட்டத்தோடு அப்படியே வந்தது. நாலு போல்ட்டும் இறுக்கியபடி இருந்தன. ஒன்றில்கூட ஸ்பேனர் பட்டிருக்கவில்லை. உனக்கும் அது அந்த நிமிஷமே புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். மாமா அன்று அந்தத் தொட்டியில் இறங்கவே இல்லை.

உன் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "தொட்டிய மூடிடச் சொல்லு, கொழந்தைங்க விழுந்துடும்" என்றாய். மூன்றரை வருஷத்தில் நீ என்னோடு நேராகப் பேசிய ஒரே வாக்கியம் அது.

இனி எழுதப்போவது உன் தம்பியாக அல்ல. முறிவு தொட்டியின் அடித்தரைக்குக் கீழே தெரிகிறது. பழைய ஆற்றுமணல் ஒரு முழத்துக்கு மேல் அறுந்து இறங்கியிருக்கிறது. உப்பு இறங்காத ஆழத்தில், யாரோ கத்தியால் வெட்டிய மாதிரி. மெதுவாக நடந்ததில்லை. ஒரே அதிர்ச்சியில் நடந்தது. இந்த ஊரெல்லாம் உண்டாவதற்கு வெகுகாலம் முன்பு. ஒரு தடவை அசைந்தது மறுபடியும் அசையும். நாளைக்கா, பேரன் காலத்திலா என்று என்னால் சொல்ல முடியாது. யாராலும் முடியாது. முறிவுக் கோட்டைப் படத்தில் நீட்டிப் பார்த்தேன். உன் சமையலறைக்குக் கீழே போகிறது. சர்தார் பாஷா வீட்டின் முன்னறைக்குக் கீழேயும் போகிறது.

கிளம்பு, அக்கா. தயவு செய்து கிளம்பு.

சதீஷ்


குடியாத்தம்
27 ஆகஸ்ட் 2002

சதீஷுக்கு,

விலாசத்தைப் பார்த்தவுடன் தெரிந்திருக்கும். வந்துவிட்டோம். எப்படி வந்தோம் என்று எழுதுகிறேன்.

நீ போன பிறகும் நான் அழவில்லை. தெருவுக்கு அதுதான் பேஜாராகிவிட்டது. அழுதால் தண்ணீர் கொடுக்கலாம், தோளைப் பிடிக்கலாம். சும்மா இருக்கிறவளை என்ன செய்வது? சர்தார் பாஷா அண்ணன் மட்டும் வாசலில் வந்து நின்று, "எங்கியோ நல்லா இருந்தா சரி. வுட்டுடும்மா" என்றார். அவர் நல்லபடியாகத்தான் சொன்னார். ஆனால் நல்லா இருந்தா என்ற அந்த வார்த்தையைத்தான் தாங்க முடியவில்லை. அவர் அந்தத் தொட்டியில் மூச்சுமுட்டிக் கிடப்பதை நினைத்து நினைத்து எனக்குப் பழகிவிட்டது. பம்பாயில் ஏதோ ஒரு கடையில் உட்கார்ந்து டீ குடிப்பதை நினைத்துப் பழக்கமில்லை.

ரெனால்ட்டைப் பார்த்தால், நான் அவனைத் திட்டியதையெல்லாம் மறந்துவிடச் சொல்.

இரண்டு வாரம் முன்பு சத்தம் வந்தது. காலை, தேவிகாவுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன். இதுவரை வந்ததில் எல்லாம் ஜாஸ்தி. அலமாரியில் இருந்த டம்ளர்கள் உருண்டன. சமையலறைச் சுவர் மேலிருந்து கீழ்வரை கோடு விட்டது, நீ சொன்ன அதே இடத்தில். தேவிகாவின் கை பழக்கத்தில் தரைக்குப் போனது, பாதியில் நின்றது. என்னைப் பார்த்தாள். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த வீட்டில் எனக்கு முதல் தடவையாக அப்போதுதான் பயம் வந்தது. அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினேன். செருப்புகூடப் போடவில்லை.

தெருவே வெளியில் நின்றது. லோகு தட்றான் என்று ஒருத்தரும் சொல்லவில்லை. ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கவில்லை.

தேவிகா கேட்டாள். "அப்போ இத்தினி நாளா தட்னது யாரும்மா?"

"யாரும் இல்லடி. நெலம்."

"நெலத்துக்கு நம்மளத் தெரியுமா?"

எல்லோரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். "தெரியாது," என்றேன். "அதனாலதான் ஓடியாந்தோம்."

அன்றைக்கே பாத்திரம் துணியெல்லாம் மூட்டை கட்டிவிட்டேன். கம்பெனிக்கு இங்கிருந்து பஸ்ஸில் போய்வருகிறேன்.

சர்தார் பாஷா அண்ணன் குடும்பம் இன்னும் அங்கேதான் இருக்கிறது. நான் கூப்பிட்டேன். "கெவர்மென்ட்டு வந்து சொல்லட்டும்" என்கிறார். உன் ரிப்போர்ட் ஆபீசில் கிடந்து என்ன ஆகும்? நீ வா. அந்தக் கோடு எந்தெந்த வீட்டுக்குக் கீழே போகிறதோ, ஒவ்வொரு வாசலாக நின்று காட்டு. நானும் கூட வருகிறேன். நான் சொன்னால் கேட்பார்கள். அந்தத் தெருவில் பயப்படாமல் இருந்தவளே நான்தானே.

இங்கே பக்கத்து வீட்டில் பவர்லூம் போட்டிருக்கிறார்கள். விடிந்தால் ஆரம்பித்துவிடுகிறது. தரை, சுவர், தண்ணீர்க் குடம் எல்லாம் அதிர்ந்துகொண்டே இருக்கிறது. முதலில் தலைவலித்தது, இப்போது பழகிவிட்டது. கரண்ட் போனால்தான் கஷ்டம். தறி நின்று எல்லாம் அடங்கிப்போகும். அப்போது தேவிகாவும் நானும் செய்துகொண்டிருக்கிற வேலையை அப்படியே விட்டுவிட்டு உட்கார்ந்திருப்போம். அவள் எதை உற்றுக் கேட்கிறாள் என்று நான் கேட்பதில்லை. என்னை அவளும் கேட்பதில்லை. கரண்ட் வந்ததும் அவள் பாடப் புத்தகத்தை எடுத்துக்கொள்வாள், நான் அடுப்பைப் பார்க்கப் போவேன்.

மனோ அக்கா